இரு நீர்களுக்கு நடுவே ஓர் இரவு

 

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழும் சகோதரர்கள் இக்கட்டுரையைப் படித்துப் புன்னகை செய்யக்கூடும். கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தவர்கள் அவர்கள். மரக்கலம் என்ற சொல்லிலிருந்தே மரைக்காயர் என்ற பெயர் வந்தது என்பர். இராவுத்தர்களாகிய எங்கள் பெயரோ குதிரையோடு சேர்ந்தது. கள்ளக்குறிச்சியில் பிறந்த எங்களுக்கு நீர் என்றால் ஏரி நீர். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை. கல்வராயன் மலையில் மேகம் அருவியும் பெரியார் அருவியும். படகு என்றால், மலைமேல் கரியாலூர் படகுக் குழாமில் பிள்ளைகளை ஏற்றி அரைமணி நேரம் சுற்றி வருவதோடு சரி.

அப்படிப்பட்ட நாங்கள் சென்ற ஆண்டு ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, ஆலப்புழையில் ஒரு பகலும் ஓர் இரவும் படகு வீட்டில் தங்கி வந்தோம். “மதரஸா உஸ்தாதுக்குப் படகு வீடு கேட்கிறதா?” என்று எங்கள் உறவினரில் ஒருவர் கேட்டார். கேள்வி கடுமையானதுதான், ஆயினும் கேட்கத் தகாத கேள்வியன்று. உங்கள் வீட்டிலும் நாளை இதே கேள்வி எழலாம். எனவே பயணத்தின் அழகை மட்டும் சொல்லாமல், அதற்கான காரணத்தையும் உங்கள்முன் வைக்கிறேன்.

எங்கள் பழைய மாவட்டத்திலும் ஒரு நீர்வழி

படகில் பயணம் என்றதும் கேரளத்தை நினைக்கிறோம். நம் தமிழ்நாட்டிலேயே நீண்டதொரு படகுக் கால்வாய் இருந்ததை மறந்துவிட்டோம். கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. அந்தத் தென்னார்க்காட்டின் மரக்காணம்தான் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி. அங்கிருந்து சென்னை வழியாக வடக்கே ஆந்திரக் கடற்கரை நெடுகச் சென்று, மேலும் பல கால்வாய்களோடு இணைந்து காக்கிநாடா வரை அந்த நீர்வழி நீண்டது.

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தோண்டப்பட்டது அதன் முதற்பகுதி. காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வணிகரின் பெயரால் அது அழைக்கப்பட்டது. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, உணவுக்கு வழியற்ற மக்களுக்கு வேலையும் கூலியும் தரும் பொருட்டு, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பசியால் வாடியவர்களின் கைகள் தோண்டிய அந்த வாய்க்காலில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் பிற சரக்குகளும் படகுகளில் நகரத்துக்கு வந்தன.

சாலையும் இருப்புப்பாதையும் பெருகியதும் படகுகள் குறைந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. பின்னர் சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களே அதன் வயிற்றில் ஊன்றப்பட்டன. 2008இல் அது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்ட போதிலும், நகருக்குள் அது இன்றும் கழிவுநீர் ஓடும் வழியாகவே கண்ணில் படுகிறது. நம் கைவசமிருந்த நீர்வழியை நாம் இப்படி ஆக்கிவிட்ட காரணத்தால்தான், நீர்வழி காண நாங்கள் மேற்கே மலை தாண்டிச் செல்ல வேண்டியதாயிற்று.

லாக் என்னும் பூட்டு மதகு

கால்வாய்ப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது லாக் என்ற அமைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. அணை மதகை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். கதவைத் தூக்கினால் நீர் பாயும். ஆனால் உயர்ந்த நீரிலிருந்து தாழ்ந்த நீருக்குப் படகு எப்படி இறங்கும்? மதகைத் திறந்தால் படகும் அடித்துச் செல்லப்படுமே!

இதற்கு மனிதன் கண்ட வழி மிக எளியது. நீர்வழியின் நடுவே ஒரு நீண்ட தொட்டி. அதற்கு இருபுறமும் கதவு. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவர். பிறகு சிறு மடைகளின் வழியே தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக வடிப்பர், அல்லது நிரப்புவர். தொட்டி நீரும் அடுத்த பக்கத்து நீரும் ஒரே மட்டத்துக்கு வந்தபின்தான் முன்கதவு திறக்கும். இரு பக்கத்து நீரும் சமமாகாத வரை எவ்வளவு பலசாலியாலும் அக்கதவைத் திறக்க இயலாது. நீரின் பாரமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சமமாகிவிட்டாலோ ஒருவர் தள்ளினாலே திறந்துகொள்ளும்.

இத்தகைய இரு கதவு அமைப்பைச் சீனத்துப் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டு சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி அமைத்ததாக வரலாறு கூறுகிறது. 1914இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாயில் பெருங்கப்பல்களைக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் உயர்த்தி இறக்குவதும் இதே முறைதான். இங்கிலாந்தில் ஒடுங்கிய படகு வீடுகளை வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தினர், கரையிலே இறங்கி லாக் கதவுகளைத் தாமே தள்ளித் திறந்து செல்வர். அந்நாட்டு டிவைசஸ் நகரருகே ஒரே சரிவில் 29 லாக்குகள் வரிசையாக உள்ளன. அவசரக்காரருக்கு அந்த வழி உதவாது.

ஏன் புறப்பட்டோம்?

என் தாயார் ஏழு ஆண்டுகள் படுக்கையில் இருந்து, அதற்கு முந்திய ஆண்டு வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்த ஏழாண்டுகளில் என் துணைவியார் ஓர் இரவேனும் வெளியூரில் தங்கியதில்லை. தம் சொந்தத் தங்கையின் திருமணத்துக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பினார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, துணி மாற்றுவார். நானும் என்னால் இயன்றதைச் செய்தேன். ஆயினும் ஒரு தாய்க்குப் பெண் கைதான் செய்யத்தக்க பணிகள் பல உண்டென்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

தாயார் மறைந்து எட்டு மாதமான பின்னும் அவர் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டார். எழுந்து அந்தக் காலியான கட்டிலருகே சென்று நிற்பார். பிறகு திரும்பிவந்து சுப்ஹு வரை கண் மூடாமல் கிடப்பார். அழவும் இல்லை. பேச்சும் குறைந்தது. பசி குறைந்தது. காட்டிய மருத்துவர், “உடம்பில் குறையில்லை. இடத்தை மாற்றிச் சில நாட்கள் ஓய்வு கொடுங்கள்” என்றார்.

என் துணைவியார் சிறுமியாயிருந்தபோது அவருடைய அத்தா கொச்சித் துறைமுகத்தில் சிலகாலம் வேலை பார்த்தவர். காயலில் படகில் சென்ற கதைகளைச் சொல்லியே மகளை உறங்க வைப்பாராம். அந்தக் காயலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையை, மணமான புதிதில் என்னிடம் ஒரேயொரு முறை அவர் சொன்னதுண்டு. அதன்பின் சொல்லவேயில்லை. நான் அதை மறக்கவில்லை. ஒரு டப்பாவில் பணம் சேர்க்கத் தொடங்கினேன். மாலையில் பட்டப்படிப்பு மாணவர் சிலருக்குத் தமிழ்ப்பாடம் நடத்தியதில் கிடைத்த தொகை அது.

இதை அறிந்த என் அண்ணன் சங்கராபுரத்திலிருந்து வந்தார். “தம்பி! அம்மா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. உல்லாசப் பயணமா? அந்தப் பணத்தில் கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் அம்மா பேரால் ஒரு கைப்பம்பு போட்டால் கியாமத் நாள் வரை நன்மை வந்துகொண்டிருக்குமே” என்றார். அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சதக்கத்துல் ஜாரியாவின் சிறப்பை நானே பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன். கோடையில் மலைக் கிராமத்துப் பெண்கள் குடம் சுமந்து நடப்பதையும் கண்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் மூத்த ஹஜ்ரத் அவர்களிடம் சென்று இரு பக்கத்து வாதத்தையும் கூறினேன். அவர்கள் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு மூன்று செய்திகளைச் சொன்னார்கள்.

ஒன்று: கணவனை இழந்த பெண்ணுக்கன்றி, மற்ற எவருக்காகவும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் கடைப்பிடிக்க மார்க்கத்தில் இடமில்லை. ஆண்டு கழியவில்லை என்ற தடை நாம் உண்டாக்கியது.

இரண்டு: தாய்க்குப் பணிவிடை செய்வது பிள்ளைகள் மீது கடமை. மாமிக்குப் பணிவிடை செய்யும் கடமையை ஷரீஅத் மருமகள் மீது சுமத்தவில்லை. “உங்கள் வீட்டம்மா செய்தது இஹ்ஸான். கடன்பட்டவர்கள் நீங்களும் உங்கள் அண்ணனும். தர்மம் கொடுப்பதற்கு முன் கடனைப் பற்றி யோசிக்க வேண்டாமா?” என்று கேட்டார்கள்.

மூன்று: குடும்பத்துக்காகச் செலவிடும் காசுக்கே கூலி அதிகம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். இரவெல்லாம் வணக்கத்திலும் பகலெல்லாம் நோன்பிலும் மூழ்கியிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உறுதி செய்ததையும் ஹஜ்ரத் அவர்கள் நினைவூட்டினார்கள்.

அண்ணனிடம் இவற்றைச் சொன்னேன். முற்றிலும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். “கடன் என்று சொன்னீர்களே, அது சரிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் புறப்படும் நாளில் பேருந்து நிலையத்துக்கு வந்து, பிள்ளைகள் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தார்.

கெட்டுவள்ளம்

கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் சேலம். சேலத்திலிருந்து இரவு ரயிலில் ஆலப்புழை. திருவிதாங்கூரின் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் துறைமுக நகரமாக வளர்த்த ஊர் அது. உள்நாட்டு விளைபொருள் துறைமுகத்துக்கு வரும்படி காயலோடு இணைத்துக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. குஜராத்திலிருந்தும் கச்சிலிருந்தும் வணிகர் வந்து குடியேறினர். 1859 முதல் அங்கே கயிற்றுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்றும் ஊரின் நடுவே கால்வாயோரம் நடந்தால் பழைய பண்டகசாலைகளைக் காணலாம்.

அங்கே படகு வீடாக மாறியிருப்பது கெட்டுவள்ளம். வள்ளம் என்றால் படகு. ஆணியே இல்லாமல், ஆஞ்சிலி மரப்பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிச் செய்ததால் அப்பெயர். முந்திரிக் கொட்டையின் எண்ணெயைப் பூசுவதால் மரம் நீரில் உளுக்காது. ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த சரக்குப் படகுகள் அவை. பாலங்களும் லாரிகளும் வந்தபின் வேலையற்றுக் கரையில் கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றின்மேல் மூங்கிலாலும் பனம்பாயாலும் கூரை வேய்ந்து, அறை அமைத்துப் பயணிகளை ஏற்றத் தொடங்கினர். அழிய இருந்ததொரு கைத்தொழில் அதனால் பிழைத்தது.

நண்பகலில் புன்னமடையில் படகேறினோம். ஆண்டுதோறும் நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டி நடக்கும் காயல் அதுதான். எங்கள் படகில் மூவர் வேலை செய்தனர்: படகு செலுத்தும் ஸ்ராங்கு, இயந்திரம் பார்ப்பவர், சமையல்காரர். இறைச்சி வேண்டாம், மீனும் காய்கறியும் போதும் என்றும், படகில் மது இருக்கலாகாது என்றும் முன்பதிவின்போதே சொல்லியிருந்தேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. கரிமீன் பொரியலும் குட்டநாட்டுச் சிவப்பரிசிச் சோறும் மதிய உணவாயின.

படகு மெல்ல நகர்ந்தது. இரு மருங்கும் வரப்பு. வரப்புக்கு அப்பால் நெல்வயல். எங்கள் இளையவன் திடீரென்று, “அத்தா! வயல் கீழே இருக்கிறது, நாம் மேலே போகிறோம்!” என்று கூவினான். அவன் கண்டது உண்மை. குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் தாழ்ந்தவை. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே. காயலுக்குள் வரம்பு கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, சேற்றில் நெல் விளைவிக்கின்றனர். 2013இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் இந்த வயல்களும் வீடுகளும் மூழ்கி, மக்கள் கூட்டங்கூட்டமாகப் படகுகளில் வெளியேறியதையும் நாடு கண்டது. நீரோடு வாழ்வது எளிதன்று.

வரப்பின்மேல் வீடுகள், வாசற்படி நீரில் இறங்குகிறது. பெண்கள் அந்தப் படிகளில் பாத்திரம் துலக்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் அரசுப் படகில் வீடு திரும்புகின்றனர். நமக்குக் காட்சியாகத் தோன்றுவது அவர்களுக்கு முற்றம். முற்றத்தின் வழியே செல்பவன் பார்வையைத் தாழ்த்திச் செல்ல வேண்டுமல்லவா? படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்திய என் மகள், ஒரு மூதாட்டி குளித்துக்கொண்டிருப்பதைக் கண்டு தானே தாழ்த்திக்கொண்டாள். உள்ளம் குளிர்ந்தது.

படகில் தொழுகை

ஓடும் படகில் தொழலாமா என்று பலர் கேட்கின்றனர். தாராளமாகத் தொழலாம். நின்று தொழ முடிந்தவர் நின்று தொழுவதே பேணுதல். கிப்லாவை நோக்கித் தொடங்க வேண்டும். படகு திரும்பினால், தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். பயணியாதலால் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். கேரளத்து முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்கள் பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதைக் கண்டு நம்மவர் வியக்க வேண்டாம். அவர்களுக்கு அது ஆகுமானது.

லுஹருக்கு நாங்கள் பாய் விரித்ததைக் கண்ட ஸ்ராங்கு, கழுத்தில் சிலுவை அணிந்தவர், கேட்காமலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “கொஞ்சம் நேரம் நிற்கட்டும், அதனால் என்ன?” என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். எங்கும் சத்தமில்லை, காயலின் நடுவே படகு நின்றது. நூஹ் (அலை) அவர்கள் கப்பலில் ஏறும்போது, அதன் ஓட்டமும் நிலைநிற்றலும் இறைவன் பெயராலேயே என்று கூறியதாகத் திருமறை ஹூது அத்தியாயத்தில் சொல்கிறதே, அதன் பொருள் அன்று எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியது. ஓடுவது மட்டுமன்று, நிற்பதும் அவன் அருள்.

அந்த இரவு

மாலை ஐந்தரை மணியளவில் படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிடுகின்றன. இருட்டில் மீனவர் வலை விரிப்பதால், படகு வீடுகள் ஓடினால் வலை அறுந்துவிடும். கஹ்ஃபு அத்தியாயத்தில் ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய படகு, கடலில் உழைத்துண்ணும் ஏழைகளுடையது. அதைக் கொடுங்கோல் மன்னனின் பறிப்பிலிருந்து காப்பதற்காகவே அப்படிச் செய்ததாகத் திருமறை விளக்குகிறது. ஏழையின் படகுக்கும் வலைக்கும் அவ்வளவு மதிப்பு. எங்கள் படகும் ஒரு தென்னையில் கட்டப்பட்டது.

இஷா தொழுது, உண்டு, பிள்ளைகள் உறங்கினர். இரவு நான் விழித்தபோது அருகில் துணைவியார் இல்லை. கடிகாரம் இரண்டைக் காட்டியது. படகின் முன்புறத்தில், கூரைக்கு வெளியே, முட்டைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். தொலைவில் வலைக்காரர்களின் விளக்குகள் தெரிந்தன. நான் சென்று பக்கத்தில் அமர்ந்தேன்.

நெடுநேரம் கழித்து, “மாமிக்கு மருந்து கொடுக்கிற நேரம்” என்றார்.

“ஆமாம்” என்றேன்.

“எழுந்ததும் கட்டிலைத் தேடினேன். கட்டில் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. இங்கே எனக்கு வேலையே இல்லை.”

இதைச் சொன்னதும் அழத் தொடங்கினார். ஜனாஸா அன்றுகூட அழாதவர், மய்யித்துக் குளிப்பாட்டும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர், அன்று காயலோரத்தில் குலுங்கி அழுதார். தேற்ற எனக்கு வார்த்தை வரவில்லை. தேற்றவும் முயலவில்லை. பிறகு தம் மாமியைப் பற்றிப் பேசினார். படுக்கையில் விழுந்த முதலாண்டில் கோபித்தது, கடைசி ஆண்டில் இவரைத் தம் தாயென்று எண்ணிப் பெயர் மாற்றி அழைத்தது, ஒருநாள் நினைவு தெளிந்து இவர் கையைப் பிடித்துத் துஆச் செய்தது, எல்லாவற்றையும் சொன்னார். ஏழாண்டுக் கதை. அவற்றுள் பல, அவருடைய மகனாகிய நானே அறியாதவை. பேசி முடித்துவிட்டு எழுந்துபோய்ப் படுத்தார். சுப்ஹுக்கு நான் எழுப்பித்தான் எழுந்தார். எட்டு மாதங்களில் அதுவே முதன்முறை. அல்ஹம்துலில்லாஹ்.

தண்ணீர்முக்கம்

மறுநாள் காலை படகைவிட்டு இறங்கி, சேர்த்தலை வழியாகத் தண்ணீர்முக்கத்துக்குப் பேருந்தில் சென்றோம். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், உப்புநீரைத் தடுக்கும் தடுப்பணை அங்கே உள்ளது. 1970களில் அது பயனுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் அடைப்புகளை இறக்கி, நெல் அறுவடை முடியும் மார்ச், ஏப்ரலில் தூக்குகின்றனர். அடைத்திருக்கும் நாட்களில் படகுகள் கடந்து செல்ல லாக் உண்டு.

நாங்கள் நின்றபோது ஒரு படகு வந்தது. ஒரு கதவு மூடிற்று. சிறிது நேரம் ஒன்றும் நடவாததுபோல் இருந்தது. பிறகு மறு கதவு திறந்தது. இரு பக்கத்து மட்டத்துக்கும் ஒரு முழ வேறுபாடுகூட இருக்காது. ஆனால் ஒரு பக்கம் நெல்லை வளர்க்கும் நன்னீர். மறு பக்கம் கடலோடு உறவாடும் உவர்நீர். இரு கடல்களை ஒன்றோடொன்று சந்திக்கவிட்டு, அவை ஒன்றையொன்று மீறாதபடி நடுவே ஒரு தடுப்பை அமைத்த இறைவனின் வல்லமையைத் திருமறை ரஹ்மான் அத்தியாயத்தில் பேசுகிறது. அத்தடுப்பைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன்.

மனிதன் கட்டிய தடுப்பில் பயனும் உண்டு, பழுதும் உண்டு. நெல்லுக்கு நன்மை, ஆனால் முட்டையிட உவர்நீருக்குச் செல்ல வேண்டிய ஆற்றுக் கொஞ்சு என்னும் பெரிய இறாலின் வழி அடைபட்டது. உப்பு வராததால் ஆகாயத்தாமரை மண்டுகிறது. தேங்கிய நீரில் அழுக்கு சேர்கிறது. திறந்துவிடு என்கிறார் மீனவர். மூடிவை என்கிறார் உழவர். இருவர் பசியும் உண்மை. ஆண்டுதோறும் இருவரையும் அமர்த்திப் பேசித்தான் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

என் துணைவியார் லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு மெதுவாகத்தான் திறக்குமா?” என்று கேட்டார். காவலாளி, “அவசரப்பட்டால் கதவுதான் உடையும் சேச்சி” என்றார். துயருற்றவரை, “இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று தள்ளும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டியதில்லை.

செல்ல விரும்புவோருக்கு

இன்ஷா அல்லாஹ் நீங்களும் செல்ல நினைத்தால் சில செய்திகள்: கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் வாடகை மிகுதி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குறைவு. இரு குடும்பங்கள் சேர்ந்து ஈரறைப் படகு எடுத்தால் செலவு குறையும். பெண்களுக்குத் தனி அறையும் கிடைக்கும். முழுநாள் படகு வீட்டுக்கு வசதியில்லாதவர், அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் சிறு கட்டணத்தில் அதே காயலைக் காணலாம், அதற்குக் குறைவொன்றுமில்லை. உயிர்காப்புச் சட்டை உள்ளதா, கழிவுநீரைக் காயலில் விடாமல் தொட்டியில் சேர்க்கிறார்களா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தேங்கிய நீரை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த நீரில்தான் ஒரு தாய் சோற்றுப் பானையைக் கழுவுகிறாள்.

ஊர் திரும்பியபின், வந்த ரமளானில் அண்ணனும் நானும் சேர்ந்து மலைக் கிராமக் கைப்பம்புக்கான தொகையைத் தாயார் பெயரால் கொடுத்தோம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகவில்லை. துணைவியார் உடனே முழுவதும் தேறிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். சில இரவுகளில் இன்னும் விழிக்கிறார். ஆனால் இப்போது என்னை எழுப்புகிறார், பேசுகிறார்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டிலும் நோயாளியின் கட்டிலருகே ஆண்டுக்கணக்கில் நின்ற ஒரு பெண் இருப்பார். மனைவியாக இருக்கலாம், சகோதரியாக, மணமாகாத மகளாக இருக்கலாம். நோயாளியைப் பற்றி எல்லாரும் விசாரிக்கிறோம். அவரை யார் விசாரிக்கிறோம்? காயலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. கோமுகி அணைக்கரையில் ஒரு மாலைப்பொழுது போதும். அவர் பேசுவதைக் கேட்க ஒருவர் உடனிருந்தால் போதும். நம் இல்லங்களில் பணிவிடை செய்யும் கரங்களுக்கு அல்லாஹ் ஈருலகிலும் நற்கூலி வழங்குவானாக! அக்கரங்களின் களைப்பை அறியும் கண்களை நமக்கும் தருவானாக! ஆமீன்.